தாளை மூடிவிட்டுச் சொல்லுங்கள்: ஆங்கில வாக்கியத்தை இயல்பான சொற்களில் மாற்றி எழுதும் வழி

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியின் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு நாள் இப்படி ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது.

"ரெசிடென்ட்ஸ் ஆர் ஹியர்பை நோட்டிஃபைட் தட் த சப்ளை ஒஃப் வோட்டர் வில் பி டெம்ப்ரரிலி சஸ்பென்டட் ஒன் சண்டே ஃப்ரொம் 8 ஏ.எம். டு 2 பி.எம். ஓவிங் டு த க்ளீனிங் ஒஃப் தி ஓவர்ஹெட் டேங்க். ரெசிடென்ட்ஸ் ஆர் கைன்ட்லி ரிக்வெஸ்டட் டு மேக் நெசஸரி அரேஞ்ச்மென்ட்ஸ் டு ஸ்டோர் அன் அடிக்வட் குவான்டிட்டி ஒஃப் வோட்டர் இன் அட்வான்ஸ். எனி இன்கன்வீனியன்ஸ் கோஸ்ட் இஸ் டீப்லி ரிக்ரெட்டட்."

நான்காம் மாடி ஆச்சி கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். "என்ன பிள்ளை, என்ன எழுதிக் கிடக்கு?" என்று கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை காலமை எட்டு மணியிலயிருந்து ரெண்டு மணி மட்டும் தண்ணி வராதாம் ஆச்சி. மேல தாங்கி கழுவப் போகினமாம். முதல்நாளே பிடிச்சு வையுங்கோ" என்றேன். ஆச்சி தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

லிஃப்ட் மேலே ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட ஆங்கிலச் சொற்களை மூன்று வரித் தமிழில் சொல்லியிருக்கிறேன். நாளும் நேரமும் காரணமும் செய்யவேண்டியதும் அப்படியே இருக்கின்றன. ஆனால் இதே அறிவித்தலை ஆங்கிலத்திலேயே மாற்றி எழுதித் தா என்று யாராவது கேட்டிருந்தால், 'நோட்டிஃபைட்' இருந்த இடத்தில் 'இன்ஃபோர்ம்ட்' என்று போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்திருப்பேன். தமிழில் கருத்தைப் பிடித்த அதே ஆள், ஆங்கிலத்தில் சொல்லைப் பிடித்துத் தொங்குகிறேன்.

கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் கடிதம் எழுதுவதும் பிறர் எழுதியதைத் திருத்துவதுமாக எனக்குப் பல வருடங்கள் ஓடிவிட்டன. சனிக்கிழமைகளில் சில பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். இரண்டு இடத்திலும் கண்ட தவறுகள் ஒன்றேதான். அவற்றை நான் சரிசெய்த வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டு வாசியுங்கள். இந்த வேலைக்குக் கண்ணை விடக் காது முக்கியம்.

முதலில், எது மாற்றி எழுதுவது ஆகாது

ஒத்த சொல்லைத் தேடிப் பிடித்து, இருந்த சொல்லின் இடத்தில் செருகுவது மாற்றி எழுதுவது ஆகாது. பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852இல் ஆங்கிலச் சொற்களைக் கருத்து வாரியாக அடுக்கி ஒரு களஞ்சியம் வெளியிட்டார். இன்றைய ஒத்தசொல் தளங்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். ஒரே அடுக்கில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காரும் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். தமிழில் 'சாப்பிட்டான்', 'அருந்தினான்', 'விழுங்கினான்', 'கொட்டிக்கொண்டான்' எல்லாம் ஒரே அடுக்குத்தான். மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிப் பேசும்போது நான்காவதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

இயந்திரம் இதைச் செய்தால் இன்னும் மோசம். 2021இல் கியோம் கபனாக் என்ற பிரெஞ்சுக் கணினி அறிவியலாளரும் இரு சக ஆய்வாளர்களும் ஆய்விதழ்களில் வந்த விசித்திரமான சொற்றொடர்களைத் தொகுத்து, அவற்றுக்கு 'வதைபட்ட சொற்றொடர்கள்' என்று பெயர் வைத்தார்கள். 'ஆர்ட்டிஃபிஷல் இன்டெலிஜன்ஸ்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'கவுண்டர்ஃபிட் கொன்ஷியஸ்னஸ்' என்று இருந்தது. கள்ளநோட்டு மாதிரி ஒரு பிரக்ஞை! மார்பகப் புற்றுநோய் 'புசம் பெரில்', அதாவது நெஞ்சு ஆபத்து, ஆகியிருந்தது. பிறருடைய எழுத்தை எடுத்து, மாற்றி எழுதும் மென்பொருளில் போட்டு, களவு தெரியாமல் மறைக்கப் பார்த்ததால் வந்த வினை என்பது அவர்கள் ஊகம். மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் பிள்ளைகள் கையால் செய்வதும் இதுவேதான், கொஞ்சம் மெதுவாகச் செய்கிறார்கள்.

படி ஒன்று: தாளை மூடுங்கள்

வாக்கியத்தை இரண்டு தரம் வாசியுங்கள். பிறகு தாளைக் கவிழ்த்து வையுங்கள், அல்லது திரையை அணையுங்கள். இப்போது அதை வீட்டுத் தமிழில் யாருக்காவது சொல்லுங்கள். ஆள் இல்லாவிட்டால் சுவருக்குச் சொல்லுங்கள்.

சொல்ல வரவில்லையென்றால் உங்களுக்கு வாக்கியம் விளங்கவில்லை. விளங்காததை மாற்றி எழுத முடியாது. திரும்பப் போய் வாசியுங்கள். என் வகுப்பில் பாதிப் பிரச்சினை இந்த இடத்திலேயே தீர்ந்துவிடுகிறது. "அக்கா, 'ஓவிங் டு' எண்டா கடனோ?" என்று ஒரு தம்பி கேட்டான். ('காரணமாக' என்பதுதான் பொருள்.) அந்தக் கேள்வி தாளை மூடினால்தான் வரும். தாள் திறந்திருந்தால் 'ஓவிங் டு'வை அப்படியே பார்த்து எழுதிவிட்டுப் போயிருப்பான்.

ஒரு எச்சரிக்கை. அந்தத் தமிழ், நீங்கள் விளங்கிக்கொண்டீர்களா என்று பார்ப்பதற்கு மட்டும்தான். அதைத் தூக்கி ஆங்கிலத்தில் பெயர்க்கப் போனால் 'பிடிச்சு வையுங்கோ' என்பது 'கேட்ச் அண்ட் கீப்' ஆகிவிடும். தண்ணீர் என்ன கோழியா? தமிழில் சொல்லி முடித்ததும், சொன்ன விஷயங்களைத் துண்டாகக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் அறிவித்தலில் நான்கு: ஞாயிறு 8 முதல் 2 வரை, தண்ணீர் இல்லை, தாங்கி கழுவுகிறார்கள், முன்கூட்டியே நிரப்பி வையுங்கள். வருத்தம் தெரிவித்தது ஐந்தாவது. இந்தத் துண்டுகள்தான் இனி உங்கள் மூலம். தாளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

படி இரண்டு: எதிரே யார் இருக்கிறார்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் லண்டனில் இருந்த ஒரு வாடிக்கையாளருக்கு நான் எழுதிய மின்னஞ்சல் இப்படி முடிந்தது: "ப்ளீஸ் டூ த நீட்ஃபுல் அண்ட் இன்டிமேட் த சேம்." எங்கள் கந்தோரில் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். பழைய கோப்புகளிலும் அப்படித்தான் இருந்தது. அந்த மனிதர் தொலைபேசியில் அழைத்து, "வட் எக்ஸாக்ட்லி டூ யூ வோன்ட் மீ டு டூ?" என்று கேட்டார். எனக்குத் தேவைப்பட்டது இரண்டு இடத்தில் கையெழுத்து. அவ்வளவுதான்.

'டூ த நீட்ஃபுல்' ஒருகாலத்தில் பிரித்தானியரே எழுதியதுதான். அங்கே ஏறத்தாழ மறைந்துவிட்டது, இங்கேயும் இந்தியாவிலும் கோப்புக்குள் உயிரோடு இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை. 1948இல் நமக்குச் சுதந்திரம் கொடுத்து, கோப்பு மொழியையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதே 1948இல்தான் பிரித்தானியத் திறைசேரி, தன் அதிகாரிகள் விளங்கும்படி எழுதவேண்டும் என்று சேர் ஏர்னஸ்ட் கோவர்ஸைக் கொண்டு ஒரு கைநூல் எழுதுவித்து வெளியிட்டது. அவர்கள் வீட்டைக் கழுவத் தொடங்கியபோது நாம் பழைய தளபாடத்தை மினுக்கிக்கொண்டிருந்தோம்.

எனவே எழுதுமுன் கேளுங்கள்: வாசிக்கப்போவது யார்? கொழும்பில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அரசியலமைப்பு ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. சிங்களம் பேசும் அதிகாரி எழுத, தமிழ் பேசும் அதிகாரி வாசிக்கிறார். இருவருக்குமே அது இரண்டாம் மொழி. அப்படியானால் கடினச் சொல் யாருக்காக?

ஒரே செய்தியை மூன்று படிக்கட்டில் நிறுத்திப் பாருங்கள்.

"வி ஷல் பி க்ரேட்ஃபுல் இஃப் யூ குட் ஃபர்னிஷ் த டொக்கியுமென்ட்ஸ் பை ஃப்ரைடே."

"குட் யூ ப்ளீஸ் சென்ட் அஸ் த டொக்கியுமென்ட்ஸ் பை ஃப்ரைடே?"

"கேன் யூ சென்ட் தெம் பை ஃப்ரைடே?"

முதலாவது வழக்கறிஞர் கடிதத்துக்கு. மூன்றாவது பக்கத்து மேசைக்காரருக்கு. சந்தேகமாக இருந்தால் நடுவில் நில்லுங்கள். கந்தோர் வேலையில் பத்துக்கு ஒன்பது தரம் நடுப்படி போதும்.

"ஆனால் மரியாதை குறைந்துவிடுமே?" என்று கேட்பார்கள். தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. 'வை' என்பதை 'வையுங்கோ' ஆக்கினால் போதும். ஆங்கிலத்தில் அந்த வால் கிடையாது. அங்கே மரியாதை கேள்வி வடிவத்தில் இருக்கிறது. 'குட் யூ' என்று கேட்டாலே 'ங்கோ' வந்துவிட்டது. 'கைன்ட்லி' அந்த வேலையைச் செய்யும் என்று நாம் நம்புகிறோம். ஆனால் 'கைன்ட்லி'யோடு கட்டளையைச் சேர்த்தால் பிரித்தானியர் காதில் அது பல வேளைகளில் பொறுமையிழந்த வாத்தியாரின் குரலாகவே விழும்.

படி மூன்று: புதைந்த வினையைத் தோண்டி எடுங்கள்

கோப்பு ஆங்கிலத்தின் பெரிய நோய் இது. செயலைப் பெயராக்கிவிட்டு, அதை நடத்த உப்புச்சப்பில்லாத இன்னொரு வினையைக் கூலிக்குப் பிடிப்பது. தமிழிலும் உண்டு. 'ஆய்வு செய்தார்கள்' என்றால் போதாதென்று 'ஆய்வினை மேற்கொண்டார்கள்'. 'வந்தார்' என்று எழுதினால் குறைவென்று 'வருகை தந்தார்'.

'கண்டக்ட் அன் இன்வெஸ்டிகேஷன்' என்பதில் உண்மையான வினை 'இன்வெஸ்டிகேட்'. அதைப் பேச்சில் 'லுக் இன்டு' என்பார்கள். 'மேக் எ டிசிஷன்' என்பது 'டிசைட்'. 'ப்ரொவைட் அசிஸ்டன்ஸ்' என்பது 'ஹெல்ப்'. எங்கள் அறிவித்தலில் 'த சப்ளை ஒஃப் வோட்டர் வில் பி சஸ்பென்டட்' என்பதைக் கிண்டினால் கடைசியில் மிஞ்சுவது 'நோ வோட்டர்'. 'மேக் நெசஸரி அரேஞ்ச்மென்ட்ஸ் டு ஸ்டோர்' என்பது 'ஸ்டோர்'. ஐந்து சொல்லுக்கு ஒன்று.

தோண்டும்போது ஆளும் வெளியே வருவார். 'இட் ஹாஸ் பீன் டிசைடட்' என்றால் யார் முடிவெடுத்தது? தெரிந்தால் பெயரைச் சொல்லுங்கள்: 'த கமிட்டி டிசைடட்'. அதற்காகச் செயப்பாட்டு வினை எல்லாமே கெட்டது என்று நினைக்க வேண்டாம். புறக்கோட்டையில் பஸ்ஸில் தொலைபேசி களவு போனால் "மை ஃபோன் கொட் ஸ்டோலன்" என்பதுதான் இயல்பு. திருடியவர் யார் என்று உங்களுக்குத் தெரியாதே.

படி நான்கு: இரட்டைச் சொற்களில் வீட்டுச் சொல்லை எடுங்கள்

1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன் பிறகு சில நூற்றாண்டுகள் அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சில் இயங்கின, தேவாலயமும் கல்வியும் இலத்தீனில். ஊர்மக்கள் பழைய ஆங்கிலத்திலேயே பேசினார்கள். அதனால் ஒரே பொருளுக்குக் கீழ்வீட்டுச் சொல் ஒன்றும் மேல்வீட்டுச் சொல் ஒன்றும் பக்கம் பக்கமாக நின்றுவிட்டன. 'பை' கீழ்வீடு, 'பர்ச்சேஸ்' மேல்வீடு. 'ஆஸ்க்', 'இன்குவயர்'. 'பிகின்', 'கொமென்ஸ்'. 'எண்ட்', 'டேர்மினேட்'. 'நீட்', 'ரிக்வயர்'. 'ஹெல்ப்', 'அசிஸ்ட்'. 'லிவ்', 'ரிசைட்'. பேச்சில் வருவது பெரும்பாலும் முதலாவது.

நமக்கு இது புதிதல்ல. எழுதும்போது 'அலுவலகம்', பேசும்போது 'கந்தோர்' அல்லது 'ஒஃபீஸ்'. 'நாற்காலி' என்று வாசித்தாலும் வாயில் வருவது 'கதிரை'.

ஆனால் இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 'கீழ்வீட்டுச் சொல் எல்லாம் நல்லது, பிரெஞ்சு, இலத்தீன் வழி வந்ததெல்லாம் கடினம்' என்று ஒரு சூத்திரம் போட்டுக்கொள்கிறார்கள். 'கதிரை' போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது, 'கந்தோர்' ஒல்லாந்தரிடமிருந்து. இரண்டும் வந்தேறிச் சொற்கள், இரண்டும் வீட்டுச் சொற்கள். அப்படித்தான் 'டேபிள்', 'ஹொஸ்பிட்டல்', 'ஃபெமிலி' எல்லாம் பிரெஞ்சு, இலத்தீன் பக்கமிருந்து வந்து ஆங்கில வீட்டில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டன. சொல் எங்கிருந்து வந்தது என்பதை விடுங்கள். சாப்பாட்டு மேசையில் அது புழங்குமா என்று மட்டும் பாருங்கள்.

படி ஐந்து: இரட்டை வினைகள், தமிழருக்கு வாய்த்த வாய்ப்பு

'புட் ஒஃப்', 'லுக் ஆஃப்டர்', 'கோல் ஒஃப்', 'டேர்ன் டவுன்' போன்ற கூட்டு வினைகளைக் கண்டு நம்மவர்கள் பயப்படுகிறார்கள். பரீட்சைக்குப் பட்டியல் போட்டுப் பாடமாக்கி, எழுதும்போது திரும்பவும் 'போஸ்ட்போன்' என்றே எழுதுகிறார்கள். பேசுபவர்களின் நாக்கில் இருப்பது இந்தக் கூட்டு வினைகள்தான்.

தமிழருக்கு இது கைவந்த சங்கதி. 'தள்ளிப்போடு' என்பதைக் கவனியுங்கள். போடு என்பதன் பொருளும் தள்ளு என்பதன் பொருளும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று வருகிறது. 'புட் ஒஃப்' என்பதில் நடப்பதும் அதே மாதிரி, அதிலும் 'போடு' இருக்கிறது! 'பார்த்துக்கொள்' என்பதும் 'லுக் ஆஃப்டர்' என்பதும் 'பார்' என்ற ஒரே வேரில் முளைத்தவை போல இருக்கின்றன. "அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் அம்மாவைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பது என்று யாரும் எண்ணுவதில்லையே. எல்லாம் இப்படிப் பொருந்தாது. 'புட் அப் வித்' என்றால் பொறுத்துப்போவது, அதில் போடுவதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் இந்த வகை வினை எப்படி வேலை செய்யும் என்ற உணர்வு நமக்கு ஏற்கெனவே உண்டு.

கந்தோரிலும் பாடசாலையிலும் அதிகம் உதவுபவை இவை. 'டிஸ்கவர்' அல்லது 'அசர்ட்டெய்ன்' இருந்தால் 'ஃபைன்ட் அவுட்'. 'கேன்சல்' இருந்தால் 'கோல் ஒஃப்'. 'ரிஜெக்ட்' இருந்தால் 'டேர்ன் டவுன்'. 'எஸ்டாப்லிஷ்' என்பதற்கு, பேசுவது ஒரு கடையையோ சங்கத்தையோ பற்றியென்றால், 'செட் அப்'. 'ரிவியூ' என்பதற்கு 'கோ ஓவர்'.

ஒரு விதி மட்டும். 'இட்', 'தெம்' போன்ற சிறு சொல் வந்தால், பிரியக்கூடிய வினையில் அது நடுவில்தான் உட்காரும். 'வி புட் இட் ஒஃப்' சரி, 'வி புட் ஒஃப் இட்' பிழை. ஆனால் 'லுக் ஆஃப்டர்' பிரியாது, ஆகவே 'லுக் ஆஃப்டர் இட்'. எது பிரியும் எது பிரியாது என்பதை அகராதி சொல்லும். பாடமாக்கிக்கொண்டு இருக்க வேண்டாம், ஐயம் வந்தால் பாருங்கள்.

படி ஆறு: சொல்லின் கூட்டாளியைப் பாருங்கள்

வெள்ளவத்தைக் கடையில் போய் "பலமான தேத்தண்ணி ஒண்டு" என்று கேட்டுப் பாருங்கள். கொடுப்பவர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். 'சாயம் கூடின தேத்தண்ணி' என்றுதான் கேட்கவேண்டும். ஆங்கிலத்தில் அதே தேத்தண்ணி 'ஸ்ட்ரோங் டீ'. 'பவர்ஃபுல் டீ' என்று யாரும் சொல்லமாட்டார்கள், அகராதியில் இரண்டும் அயல்வீட்டுச் சொற்கள் என்றாலும். மழை என்றால் 'ஹெவி ரெய்ன்', காற்று என்றால் 'ஸ்ட்ரோங் விண்ட்'. இடம் மாற்றினால் இலக்கணப்படி பிழையில்லை, ஆனால் ஆங்கிலமும் இல்லை.

ஜே. ஆர். ஃபேர்த் என்ற மொழியியலாளர் 1957இல் சொன்னார்: ஒரு சொல்லை அது சேரும் கூட்டத்தைக் கொண்டு அறியலாம் என்று. நம் பாட்டிமார் இனம் இனத்தோடு என்று ஆட்களைப் பற்றிச் சொன்னதை அவர் சொற்களைப் பற்றிச் சொன்னார்.

ஆகவே ஒரு சொல்லை மாற்றும்போது அதன் பக்கத்துச் சொல்லையும் தட்டிப் பாருங்கள். 'ஸ்டோர் அன் அடிக்வட் குவான்டிட்டி ஒஃப் வோட்டர்' என்பதில் 'அடிக்வட்'டுக்குப் பதில் 'இனஃப்' போட்டதும் 'குவான்டிட்டி' தானாக உதிர்ந்துவிடும். 'இனஃப் வோட்டர்' என்றால் போதும். நம் நாட்டு ஆங்கிலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட சில உபரிகளும் இந்த இடத்தில் கழலட்டும். 'டிஸ்கஸ்' உடன் 'அபவுட்' வேண்டாம். 'ரிட்டேர்ன்' உடன் 'பேக்' வேண்டாம். 'கோப்' உடன் 'அப்' வேண்டாம். 'ஓஃப் த லைட்' என்று வீட்டில் சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். கடிதத்தில் 'டேர்ன் ஒஃப்'.

படி ஏழு: முக்கியமானது முன்னுக்கு

இது சுருக்கம். தமிழில் காரணத்தை முதலில் சொல்லி, வினையைக் கடைசியில் வைத்து, கேட்பவரைக் காக்கவைப்போம். "மழையால் வீதியெல்லாம் வெள்ளம் என்பதால் இன்று வகுப்பு நடக்காது." ஆங்கிலத்தில், அதுவும் குறுஞ்செய்தியில், வாசிப்பவருக்குத் தேவையானது முதலில் வரட்டும்: "நோ க்ளாஸ் டுடே. த ரோட் இஸ் ஃப்ளடட்." வாக்கியத்தை இரண்டாக உடைக்கவும் தயங்க வேண்டாம். மூலம் ஒரே வாக்கியம் என்பதால் நீங்களும் ஒரே வாக்கியம் எழுத வேண்டும் என்று சட்டம் இல்லை.

படி எட்டு: தொடக்கூடாதவை

இதில்தான் நிதானம் தேவை. எளிமை செய்கிறேன் என்று பொருளை மாற்றிவிட்டால் எளிமையால் என்ன பயன்?

பெயர்கள், எண்கள், திகதிகள், துறைச் சொற்களைத் தொடாதீர்கள். புற்றுநோய் புற்றுநோயாகவே இருக்கட்டும். அதைவிட ஆபத்தானவை சின்னச் சொற்கள். வங்கிக் கடிதத்தில் 'த பேங்க் மே சேஞ்ச் த ரேட்' என்றால் மாற்றக்கூடும். அதை 'வில் சேஞ்ச்' என்று எழுதினால் மாற்றியே தீரும் என்றாகிவிடும். 'நொட் லேட்டர் தன் த 15த்' என்பதை 'பை த 15த்' என்று எழுதலாம். 'பிஃபோர் த 15த்' என்று எழுதினால் உங்கள் வாசகருக்கு ஒரு நாள் போய்விட்டது. 'வித்தின் 14 டேஸ்' என்றால் 14 நாளுக்குள். 'இன் 14 டேஸ்' என்றால் 14 நாள் கழிந்து என்றுதான் பலர் எடுத்துக்கொள்வார்கள். 'அப் டு', 'அட் லீஸ்ட்', 'அன்லெஸ்', 'ஒன்லி' ஆகியவற்றையும் வட்டமிட்டு வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒப்பந்தம், உறுதி, மருந்துச் சீட்டு இவற்றில் மாற்றி எழுதியதை விளக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து மூலத்தில்தான். இன்னொருவருடைய கருத்தை மாற்றி எழுதிக் கட்டுரையில் சேர்த்தால், சொற்கள் உங்களுடையவை என்றாலும் கருத்து அவருடையது. பெயரைக் குறிப்பிடத்தான் வேண்டும்.

பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு

ஐஈஎல்டிஎஸ் எழுத்துப் பரீட்சையின் இரண்டாம் பகுதியில் குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டும். அதற்கு ஒதுக்கச் சொல்வது 40 நிமிடம். அதில் பத்து நிமிடத்தைக் கேள்வியை மாற்றி எழுதுவதிலேயே தொலைக்கிறார்கள். 'சில்ட்ரன்' என்று இருந்தால் 'ஒஃப்ஸ்ப்ரிங்' என்கிறார்கள், 'பீப்பல்' என்று இருந்தால் 'இண்டிவிஜுவல்ஸ்'. கேள்வி இதுவென்று வையுங்கள்: "மெனி பீப்பல் திங்க் சில்ட்ரன் ஷுட் லேர்ன் எ ஃபொரின் லேங்குவேஜ் அட் ப்ரைமரி ஸ்கூல்." பெயர்ச்சொற்களை விட்டுவிட்டு வாக்கியத்தின் சட்டகத்தை மாற்றுங்கள்: "எ கொமன் வியூ இஸ் தட் சில்ட்ரன் ஷுட் ஸ்டார்ட் எ ஃபொரின் லேங்குவேஜ் வைல் தே ஆர் ஸ்டில் அட் ப்ரைமரி ஸ்கூல்." சிறுவர்கள் சிறுவர்களாகவே இருக்கிறார்கள், 'ஷுட்' அப்படியே இருக்கிறது, ஆனால் வாக்கியம் புதிது. ஒரு நிமிட வேலை.

கைக்கு உதவும் கருவிகள்

ஒத்தசொல் தளத்தை மூடிவிட்டு, மொழி கற்பவர்களுக்கான அகராதியைத் திறவுங்கள். 1978இல் வெளிவந்த லோங்மன் அகராதி, எல்லாப் பொருள் விளக்கங்களையும் ஏறத்தாழ 2000 எளிய சொற்களுக்குள் எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. இன்று அது இணையத்தில் இலவசம். யோசித்துப் பாருங்கள்: அந்த விளக்கமே ஒரு மாற்றி எழுதல்தான்! 'கொமென்ஸ்' என்று தேடினால் 'பிகின்', 'ஸ்டார்ட்' இரண்டும் வந்து நிற்கும், பக்கத்திலேயே 'ஃபோர்மல்' என்ற அடையாளமும் இருக்கும்.

கூட்டாளிச் சொல்லில் ஐயம் வந்தால் சொற்றொகுதிகள் உண்டு, அதாவது மக்கள் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் திரட்டித் தேட வைத்திருக்கும் தொகுப்புகள். பிரித்தானியத் தேசியச் சொற்றொகுதியில் 10 கோடிச் சொற்கள் இருக்கின்றன. அதில் பத்தில் ஒரு பங்கு உண்மையான பேச்சைப் பதிந்து எழுதியது. சமகால அமெரிக்க ஆங்கிலச் சொற்றொகுதியில் 100 கோடிக்கும் மேல். 'ஹெவி ரெய்ன்', 'ஸ்ட்ரோங் ரெய்ன்' இரண்டையும் போட்டுத் தேடுங்கள். எண்ணிக்கையே பதில் சொல்லும்.

சாட்ஜிபிடி போன்றவற்றைப் பயன்படுத்தலாமா? பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் 'மாற்றி எழுது' என்று மட்டும் சொன்னால் அது பெரும்பாலும் கோட்டும் டையும் கட்டிக்கொண்டு வரும். 'நான்காம் மாடியில் இருக்கும் எண்பது வயது ஆச்சிக்குச் சொல்வது போல இரண்டு வாக்கியத்தில் சொல், திகதியும் நேரமும் மாறக்கூடாது' என்று கேளுங்கள். வந்ததை எட்டாம் படியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசிச் சோதனைக்கு இயந்திரம் வேண்டாம். எழுதியதை ஒருவரிடம் கொடுத்து, வாசித்துவிட்டுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். முதலாம் படியில் நீங்கள் குறித்த துண்டுகள் எல்லாம் அவர் வாயில் வருகிறதா என்று எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அந்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள்.

இனி அந்த அறிவித்தல்

ஐந்து துண்டுகளையும் வைத்துக்கொண்டு நான் எழுதியது இது:

"நோ வோட்டர் திஸ் சண்டே, ஃப்ரொம் 8 இன் த மோர்னிங் டு 2 இன் தி ஆஃப்டர்நூன். வி ஆர் க்ளீனிங் த டேங்க் ஒன் த ரூஃப். ப்ளீஸ் ஸ்டோர் இனஃப் வோட்டர் த நைட் பிஃபோர். சொரி ஃபோர் த ட்ரபிள்."

'ஹியர்பை' போனது யாருக்கும் தெரியவில்லை. 'டெம்ப்ரரிலி'யும் தேவையில்லை, 8 முதல் 2 வரை என்றாலே தற்காலிகம்தானே. 'ஓவர்ஹெட் டேங்க்' என்பது கட்டிடக்காரர்களின் சொல், கூரையில் இருக்கும் தாங்கி என்றால் எல்லோருக்கும் தெரியும். 'இன் அட்வான்ஸ்' என்பதில் மட்டும் கொஞ்சம் யோசித்தேன். எவ்வளவு முன்கூட்டி? 'த நைட் பிஃபோர்' என்று நான் போட்டது மூலத்தில் இல்லாதது. ஆகவே அறிவித்தல் எழுதிய செயலாளரிடம் கேட்டுத்தான் போட்டேன். மூலத்தில் இல்லாததைக் கூட்டுவதாக இருந்தால் மூலத்துக்குச் சொந்தக்காரரைக் கேட்க வேண்டும்.

செயலாளர் வாசித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தங்கச்சி" என்றார். மறுநாள் லிஃப்டுக்குப் பக்கத்தில் புதிய தாள் ஒட்டியிருந்தது. நான் எழுதியது அப்படியே இருந்தது. 'ப்ளீஸ்' இருந்த இடத்தில் மட்டும் 'கைன்ட்லி' என்று மாற்றியிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.